இருபதடிப் பாதை

மதுரைக்கு மேற்கே, கோச்சடையைத் தாண்டி நாகமலைப் பக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். அந்த ஊர் வயல்களை மனைகளாகப் பிரித்தபோது அதற்கு வரைபடம் வரைந்தவன் நான். தாளின் வலது கீழ்மூலையில் என் கையெழுத்து இருக்கும். அந்தக் காலத்து ப்ளூ பிரிண்ட் தாளில் அம்மோனியா நாற்றம் அடிக்கும், விரித்தால் கண் எரியும். அந்த எரிச்சலை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் எழுதப் போவது ஒரே ஒரு பதிலைப் பற்றி. ஊர்க்கூட்டத்தில் ஓர் அதிகாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இரண்டே பதில்கள்தான் உண்டு. நான் பொய்யைச் சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தெரிந்தே சொன்னேன்.

முதலில் அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கண்மாயின் மடையிலிருந்து கிளம்பி, வயல்களுக்கு நடுவே போய், கீழே அடுத்த ஊர் எல்லை வரை ஓடும். ஐப்பசியில் மடை திறந்தால் தை அறுப்பு வரை இடுப்பளவு தண்ணீர். நானும் அக்காவும் அதில்தான் குளித்தோம். அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியதும் மடையை அடைத்துவிடுவார்கள். வாய்க்கால் காய்ந்து இறுகிவிடும். மாசி பிறந்ததும் மாட்டுவண்டிகள் அதற்குள்ளேயே இறங்கும். வயலுக்கு எருக் கொண்டுபோக வேறு வழி கிடையாது, வரப்பில் வண்டி ஏறாது. ஆக நான்கு மாதம் அது வாய்க்கால், மீதி எட்டு மாதம் வண்டிப்பாதை.

புரட்டாசியில் ஒருநாள் ஊரில் தமுக்கு அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ஆளுக்கு இவ்வளவு தூரம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். வண்டித் தடத்தைக் கொத்தி, தூரை வாரி, இரண்டு பக்கமும் கரையை ஒதுக்கினால் பாதை மறுபடியும் வாய்க்கால் ஆகிவிடும். ஆள் அனுப்பாத வீட்டுக்குத் தண்ணீர் முறை கடைசியில்தான் வரும். பணக்காரன், ஏழை, கோயில் பூசாரி என்று யாருக்கும் இதில் விலக்கு இல்லை.

சர்க்கார் நில அளவை வரைபடமான புலப்படத்தில் அந்த வாய்க்கால் கிடையாது. பட்டா நிலத்துக்குள் ஊரார் தாங்களாகவே இடம் விட்டு ஓடவிட்டது அது. எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. ஊரே ஒத்துக்கொண்ட விஷயத்துக்குக் காகிதம் எதற்கு என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டார்கள்.

மடையைத் திறந்து மூடுவதும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பாய்ச்சுவதும் நீர்க்கட்டியின் வேலை. எங்கள் காலத்தில் அந்த வேலையைப் பார்த்தவர் ஊருக்குத் தெற்கே இருந்த காலனிக்காரர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அறுப்பு முடிந்ததும் ஒவ்வொரு களத்திலும் அவருக்கு நெல் அளப்பார்கள், அதுதான் பிழைப்பு. என்னைவிடப் பன்னிரண்டு வயதாவது மூத்தவர். இருந்தாலும் எங்கள் வீட்டில் எல்லாரும் அவரை 'வா, போ' என்றுதான் பேசுவோம், நான் உட்பட. கார்த்திகை மாதம் மட்டும் என் அப்பாவின் குரலில் தேன் வடியும். "ஏப்பா, நம்ம வயலைக் கொஞ்சம் பாத்துக்கப்பா" என்பார். கதிர் முற்றியதும் அந்தத் தேன் எங்கே போகும் என்று தெரியாது.

இனி என் அக்கா. அவளை மதுரைக்குள்ளே கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா மில்லில் வேலை பார்த்தார், வாய் திறந்து பேசாத மனுஷன். ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்தார்கள். நடுவில் ஒரு சந்து, இரண்டு பக்கமும் ஆறாறு வீடு, பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். வீடு என்பது ஒரே அறைதான். அதில் சமையல், படுக்கை, மாமாவின் சைக்கிள் எல்லாம். ஒன்பது மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது என்று வீட்டுக்காரம்மா மெயினை அணைத்துவிடுவாள். அக்கா மகள் வயதுக்கு வந்தபோது தனியாக உட்கார வைக்க இடமில்லை. அறையின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து, மாமாவும் பையன்களும் பதினாறு நாளும் சந்தில் படுத்துக் கிடந்தார்கள். நான் சீர் கொண்டு போனவன் அந்தச் சேலை மறைப்பைப் பார்த்துவிட்டு, வாங்கிப் போன பலகாரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்கு அக்கா அழவில்லை.

"எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் சரிடா. சாத்திக்கிற மாதிரி ஒரு கதவு. அது போதும்" என்றாள்.

எழுபதுகளின் பாதியிலேயே மதுரை மேற்கே வளர ஆரம்பித்துவிட்டது. மில் ஆட்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள், நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தவர்கள் என்று ஆளாளுக்கு இடம் தேடினார்கள். எழுபதுகள் முடிகிற சமயத்தில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, கண்மாய்க்குக் கீழே இருந்த நஞ்சைகளை மொத்தமாக விலை பேசினார். மழை தொடர்ந்து ஏமாற்றிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் அப்பாவும் பங்காளிகளும் ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்துவிட்டார்கள். நான் அப்போது மதுரையில் பிளான் வரையும் வேலையில் இருந்தேன். ஊர்க்காரப் பையன் என்பதால் மரக்கடைக்காரர் வேலையை என்னிடமே தந்தார்.

வயலில் சங்கிலி பிடித்து அளந்து, வீட்டில் மேஜை மேல் தாளை விரித்தபோதுதான் எனக்குச் சிக்கல் தெரிந்தது. வாய்க்காலை வாய்க்காலாகவே விட்டால் அதற்கும் இரண்டு கரைகளுக்கும் இடம் விட வேண்டும். அதன் பக்கத்தில் தனியாக ரோடும் போட வேண்டும். அப்படிச் செய்தால் கிழக்கு வரிசை முழுக்க, பதினோரு மனைகள், போய்விடும். வாய்க்காலின் மேலேயே இருபதடி ரோடு என்று கோடு போட்டால் பதினொன்றும் நிற்கும். அந்தப் பதினொன்றில் நான்காவது, கிழக்குப் பார்க்காவிட்டாலும் காற்றோட்டமான மனை, அக்காவுக்கு நானே பேசி முடித்தது. தன் கழுத்துச் சங்கிலியை விற்று அவள் முன்பணம் கொடுத்திருந்தாள்.

ரோடு என்றே கோடு போட்டேன்.

விஷயம் ஊருக்குள் தெரிந்ததும் வாக்குவாதம் கிளம்பியது. டீக்கடையில், குழாயடியில், கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் இதே பேச்சு. நிலத்தை விற்காத சிலர், கீழ்வயல் நாற்பது ஏக்கருக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று கேட்டார்கள். விற்றவர்கள், மழையே இல்லாத ஊரில் தண்ணீரைப் பற்றி என்ன பேச்சு என்றார்கள். இத்தனை வீடு நெருக்கிக் கட்டினால் சாக்கடை எங்கே போகும், வெளியாள் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்று சிலர். காலனியில் வேறு கேள்வி. நூறு வருஷமாக இந்த வயலில் பாடுபட்டோம், வயலை மனையாக்கும்போது எங்களுக்கு ஒரு மனையாவது உண்டா என்று கேட்டார்கள். யாரும் அது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆட்சேபணை மனு போயிற்று. வைகாசி மாதத்தில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். காலையில் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். வைகாசியில் வாய்க்கால் எப்படி இருக்கும்? வண்டிச் சக்கரம் பதிந்த தடமும், காய்ந்த சாணியும், ஓரத்தில் வண்டியிலிருந்து உதிர்ந்த எருவும்தான். பத்து மணிக்குப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம். மனைக்கு முன்பணம் கொடுத்தவர்களும் டவுன் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அக்கா ஜன்னலோரம் பெண்களோடு நின்றாள்.

நீர்க்கட்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"அய்யா, வீடு கட்ட வேணாம்னு நாங்க சொல்லல. எங்க காலனியிலயும் ஒரு குடிசைக்குள்ள மூணு குடும்பம் கெடக்கு. எங்களுக்கும் ரெண்டு செண்டு குடுத்தா நாங்களுந்தான் கட்டுவோம். ஆனா வாய்க்காலை விட்டுட்டுக் கட்டுங்க. கீழ நாப்பது ஏக்கர் அந்தத் தண்ணியிலதான் நடுது. அது கெடக்கட்டும், என்னைக்காவது ஒரு நா பெருமழை பேயும்ல? அன்னைக்கு கம்மாத் தண்ணி எங்குட்டுப் போகும்?"

"மழை வந்தாப் பாத்துக்கலாம்ப்பா, உக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். அந்தக் காலத்தில் ஊர்க்கூட்டத்தில் பெண் பேசுவது வழக்கமில்லை. அவள் டவுனில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் யாரும் தடுக்கவில்லை.

"சார், பன்னெண்டு குடும்பம் ஒரே சந்துல கெடக்கோம். காலையில கக்கூஸுக்கு வரிசையில நிக்கிறோம். ஆம்பளைக நடந்து போற வழியிலதான் பொம்பளப் பிள்ளைக குளிக்குதுக. தண்ணி போறதுக்கு வழி வேணும்ங்கிறாக, நாயந்தான். மனுசங்களுக்கு வேணாமா?"

அவளுக்குக் கைதட்டினார்கள். நீர்க்கட்டி மட்டும் அவளை நிதானமாகப் பார்த்து, "தாயி, நீங்க சொல்றது நெசந்தான். அதுக்காக ஓடுற தண்ணி மேல வீடு கட்டுவாகளா?" என்றார். அவள் ஜன்னலோரத்துக்கே திரும்பிப் போனாள்.

அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புலப்படத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாய்க்கால்ங்கிறார். நான் பார்த்தது வண்டித் தடம். மேப்லயும் ஒண்ணும் இல்லை. நீங்க இந்த ஊர்க்காரர், பிளான் போட்டவரும் நீங்கதான். சொல்லுங்க, அது வாய்க்காலா, பாதையா?"

கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். என் அப்பா தரையைப் பார்த்தார். பங்காளிகள் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பதுபோல் இருந்தார்கள். நான் அக்காவின் சங்கிலி இல்லாத கழுத்தைப் பார்த்தேன்.

"பாதைதான் சார். வண்டிப்பாதை."

"தம்பி" என்றார் நீர்க்கட்டி. சத்தம் போடவில்லை. "நீங்க அதுல முங்கி நீச்சலடிச்சவுகதான?"

"மழை பேஞ்சா எல்லாப் பள்ளத்துலயுந்தான் தண்ணி நிக்கும். அதெல்லாம் வாய்க்காலாப்பா?" என்றேன்.

முதலில் சிரித்தது என் அப்பா. பிறகு எல்லாரும். அதிகாரி எழுதிக்கொண்டார். நீர்க்கட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. பொய்யைவிட அந்தக் கிண்டல்தான் கேவலம்.

அனுமதி வந்தது. வரிசையாக அஸ்திவாரம் தோண்டினார்கள். இரண்டு செண்டு, இரண்டரை செண்டு மனைகள். ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த வருஷம் புரட்டாசியில் தமுக்கு அடிக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. கீழ்வயல்காரர்கள் கிணற்றை ஆழப்படுத்திப் பார்த்தார்கள், பிறகு அவர்களிலும் சிலர் விற்றார்கள். களத்தில் நெல் அளக்க ஆள் குறைந்ததும் நீர்க்கட்டி சித்தாளோடு சித்தாளாகக் கட்டட வேலைக்கு வந்தார். அக்கா வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியதிலும் அவர் இருந்தார் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். வாய்க்காலின் கரை எங்கே இருந்தது என்று கைக்கே தெரிந்த மனுஷன், அந்தக் கரையைத் தானே தோண்டினார்.

அக்கா வீட்டில் பால் காய்ச்சிய நாளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும். வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதும் அவள் வாசற்கதவை உள்ளே தாழ் போட்டாள். திறந்தாள். மறுபடியும் தாழ் போட்டாள். பிறகு கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கல்யாணமான பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மாமா, "போதும் புள்ள, தாழ்ப்பாள் தேஞ்சுறப் போகுது" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன். நான் சொன்ன பொய் நல்ல பொய்தான் என்று அன்றைக்கு மனதாரத் திருப்திப்பட்டேன்.

நான்கைந்து வருஷம் கண்மாய் நிரம்பவே இல்லை. தெருவில் வீடுகள் நிறைந்தன. கப்பி போட்டு ரோட்டை மேடாக்கினார்கள். ஒவ்வொருவரும் வாசற்படியை ரோட்டில் இரண்டடி நீட்டினார்கள். விளக்குக் கம்பம் வந்தது, அடிபம்பு வந்தது. யாராவது பழைய வாய்க்காலைப் பற்றிப் பேசினால் புதிதாக வந்தவர்கள், "இங்கேயா?" என்று ரோட்டைக் காட்டிச் சிரித்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை. விடாமல் மூன்று நாள் மழை. கண்மாய் கரை தொட்டு நின்றது. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு நீர்க்கட்டி அக்கா தெருவுக்கு வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார்.

"மடையைத் தெறக்கச் சொல்லி உத்தரவு. தெறக்கலேன்னா கரை பிச்சுக்கும், அப்புறம் ஊரே இருக்காது. சாமான் செட்டைத் தூக்கி மேல வைங்க. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

"ரோட்டுல எப்படிய்யா தண்ணி வரும்?" என்று கேட்டார்கள். ஒருவர் சண்டைக்கே போனார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அரிசி டின்னைப் பரணில் ஏற்றினாள், தையல் மிஷினைக் கட்டில் மேல் தூக்கி வைத்தாள், பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டாள். மாமா மில்லுக்குப் போயிருந்தார். நான் தகவல் கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி இருக்கும்.

தண்ணீர் பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. தெருமுனையில் பழுப்பாகத் தெரிந்தது, பிறகு வாசற்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இரண்டு பக்கமும் சுவர் என்பதால் வேறு எங்கும் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் போனது. முழங்கால் அளவு. செருப்பு, பால் டம்ளர், யாருடைய பிள்ளையின் கணக்கு நோட்டோ ஒன்று, எல்லாம் எங்களைத் தாண்டி மிதந்து போயின. மத்தியானத்துக்குள் செப்டிக் டேங்குகள் பொங்கிவிட்டன. அதற்கு மேல் வீட்டுக்குள் எது தண்ணீர், எது மற்றது என்று சொல்ல முடியவில்லை. அக்கா கட்டிலின் மேல் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். அவள் பெருமையாகத் தாழ் போட்ட கதவு தண்ணீரில் ஊறி உப்பிப் போய், மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் பாதியில் நின்றது.

மூன்று நாள் தண்ணீர் வடியவில்லை. மடையிலிருந்து வந்ததெல்லாம் தெருவிலும் வீட்டிலும் தேங்கிக் கிடந்து நாறியது. கீழ்வயலுக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. மார்கழியில் அங்கே மிச்சமிருந்த பயிரும் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. வெள்ளத்திலும் நஷ்டம், வறட்சியிலும் நஷ்டம், இரண்டும் ஒரே மழையில். அப்படி ஒரு வேலையை என் பேனா செய்திருந்தது.

விசாரணைக்கு வேறொரு அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது. அவள் மெத்தையைப் பிரித்து ஈரப் பஞ்சை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு உண்மையைச் சொல்லிரலாம்னு இருக்கேன்க்கா. ஆனா வாய்க்கால்னு சொல்லிட்டா இந்த வரிசையையே ஆக்கிரமிப்புன்னு இடிச்சாலும் இடிப்பாங்க. உனக்காகத்தான் அன்னைக்கு..."

"நிறுத்து" என்றாள். பஞ்சைக் கீழே போட்டாள். "எனக்காக, எனக்காகன்னு எத்தன வருசமாச் சொல்லிட்டுத் திரியிற. நான் உன்னையக் கேட்டேனா, பொய் சொல்லுன்னு? நானும் வாயை மூடிட்டு நின்னேன்தான். அது என் பாவம், அதை நான் சுமந்துக்கிறேன். உன் பாவத்தையும் என் தலையில ஏத்தாத. நாளைக்கு என்ன வேணும்னாலும் சொல்லு. எனக்காகன்னு மட்டும் சொல்லாத."

இத்தனை வருஷம் நான் தூக்கிப் பிடித்திருந்த ஒரே சமாதானம் அது. அதை அவள் பஞ்சோடு சேர்த்துக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் தெருமுனையில் நாற்காலி போட்டு விசாரணை. தெருவே கூடியிருந்தது. நீர்க்கட்டியும் ஓரமாக நின்றார். அதிகாரி முதலில் அவரைத்தான் கேட்டார். "அன்னைக்கே சொன்னேன். எழுதிக்கிறல. இன்னைக்கு இவுகளைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினார்.

"வாய்க்கால்தான் சார்" என்றேன். "பாதைன்னு நான் பொய் சொன்னேன். ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் தண்ணி ஓடும். ஊருக்கே தெரியும்."

தெருவில் ஒரே இரைச்சல். என்னை அடிக்க வந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஒருவர் சட்டையைப் பிடித்தார். அதிகாரி கையமர்த்திவிட்டு ஃபைலைத் திறந்தார். நான்காக மடித்த ப்ளூ பிரிண்டை எடுத்து என் முன்னால் விரித்தார். அதே எரிச்சல்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"இதுல இருபதடிப் பாதைன்னு இருக்கு. புலப்படத்துல வாய்க்கால் இல்லை. அன்னைக்குக் கூட்டத்துல நீங்க சொன்னதும் எழுதியிருக்கு. இப்ப வந்து வாயால மாத்திச் சொன்னா நான் எதை வச்சு ஆர்டர் போடுறது?"

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். ரோட்டை வெட்டினால் வீடுகளுக்குப் போகவர வழி இருக்காது. அதனால் கிழக்கு வரிசை பதினோரு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதில் வாய்க்கால் வெட்ட அனுமதி வாங்கலாம். ஜீப் கிளம்பியது.

அக்கா நீர்க்கட்டியிடம் போனாள். "எம்புட்டு அகலம் வேணும்?"

அவர் மண்வெட்டியைத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மரக் கைப்பிடியான கணையால் அவள் வாசலிலிருந்து இரண்டு அளவு அளந்தார். கிட்டத்தட்ட ஐந்தடி. முன்னறையில் பாதி போகும். மாமா தலையை ஆட்டினார். அந்த வாரமே வாசற்படியையும் முன்சுவரையும் இடித்தார்கள். சுவரை ஐந்தடி பின்னால் தள்ளிக் கட்டி, அதில் கதவை வைத்தார்கள். அறை குறுகி, காம்பவுண்டு வீட்டைவிடச் சின்னதாகிவிட்டது.

நான் மற்ற பத்து வீடுகளுக்கும் போனேன். என்னோடு நீர்க்கட்டியும் வந்தார். முதல் வீட்டு வாசலில், "அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவர் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று பொறுமையாக விளக்கினார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன், யாரும் திட்டவில்லை. உள்ளே போய் பீரோவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த வரைபட நகலைக் கொண்டுவந்து காட்டினார்கள். "இதுல வாய்க்கால் இல்லையே சார்" என்றார்கள். பத்து வீட்டிலும் அதே தாள், அதே கையெழுத்து. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இரண்டு செண்டில் ஐந்தடி விட்டுக்கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

பத்து பேரும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீர்க்கட்டி நிற்கவில்லை. அக்கா விட்ட இடத்தில் வாய்க்கால் வெட்டினார். இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர் வரை இருபத்தைந்தடி நீளம். மேலேயிருந்து தண்ணீர் வர வழியில்லை, கீழே போகவும் வழியில்லை. இருந்தாலும் கரையைச் சரிவாக ஒதுக்கி, அடியை மட்டம் பார்த்து, மடையடியில் வெட்டுகிற மாதிரியே வெட்டினார். வாசலுக்குக் குறுக்கே ஒரு கல்பலகை போட்டார்கள். தெருக்காரர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த புரட்டாசியில் மாமா சைக்கிளில் என் ஆபீஸுக்கு வந்தார். அக்கா சொல்லி அனுப்பியதை மட்டும் சொன்னார்.

"தூர் வாருறாளாம். வீட்டுக்கு ஒரு ஆள் வரணுமாம். உங்க அப்பா வீட்டுக்கு நீங்கதான் ஆளாம்."

நான் போனபோது நீர்க்கட்டி முன்னாலேயே வந்திருந்தார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேறு வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு அவர் மண்வெட்டிக் கணையை எடுத்து, இருபத்தைந்தடியை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கைக் காட்டினார். நான் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன். எதிர் வீட்டுக் குழந்தை படியில் உட்கார்ந்து, "அம்மா, அந்த மாமா ஏன் குழிக்குள்ள நிக்கிறாரு?" என்று கேட்டது.

"அது குழியில்ல கண்ணு, வாய்க்கால்" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் சொன்னேன்.